சத்தம் நாற்பத்தைந்து

எங்கள் கறிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கறிக்காக வருவதில்லை, விமர்சனம் கேட்க வருகிறார்கள். வந்த தோஷத்துக்கு அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போவார்கள். கட்டைக்குப் பின்னால் நிற்கிறவர் என் புருஷனின் அண்ணன். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தெருவில் மற்ற எல்லோருக்கும் அவர் விமர்சனம் அண்ணன்.

முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் ஓடிய தொடரை மறுநாள் காலையில் ஆட்டுத் தொடையோடு சேர்த்து வெட்டிப் போடுவார். "அந்த இன்ஸ்பெக்டர் செத்தது பச்சைப் பொய்" என்பார். ஒரு வெட்டு. "குத்துப்பட்டவன் ஒரு பக்கம் சாகுறான், ஒரு பக்கம் டயலாக் பேசுறான்." இன்னொரு வெட்டு. "முப்பத்தஞ்சு வருஷமா அறுக்கிறேன், எந்த ஆடும் எங்கிட்ட டயலாக் பேசினதில்ல." கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த மனிதருக்கு வாய் அப்படி.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பாவும் கறி வெட்டுகிறவர்தான். பதினான்கு வயதில் முதல் ஆட்டை அறுத்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லையாம், நாலாம் நாள் அப்பா விட்ட அறையில் பசி வந்துவிட்டதாம். அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, அது முதல் வருஷத்துக் கத்தி. தம்பிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. காரியம் எல்லாம் முடிந்த மறு வாரமே போய்ச் சுவரை அடைக்கிற அளவுக்கு ஒரு டிவி வாங்கிவந்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிதான் அவருக்குச் சொந்தபந்தம்.

கடையில் நான் எடை போட்டுப் பொட்டலம் கட்டுவேன். என் புருஷன் வண்டியில் போய் அறுத்த ஆடுகளை எடுத்து வருவான், கத்தி தீட்டுவான், எலும்பு பிரிப்பான். அவன் இவன் என்று சொல்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வரை கேட்டுவிட்டு, அப்புறம் அவனுக்கு மரியாதை கொடுக்க மனசு வந்தால் நீங்கள் கொடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது. வேண்டுமென்று கேட்டால் கட்டையில் வைக்க வேண்டும், கேட்டவர் கட்டையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கொழுப்புப் பட்ட கையில் பிடி வழுக்கும், ஒரு நொடியில் விரல் போய்விடும் என்பதற்காக வந்த பழக்கம். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம் தெரியாத்தனமாகக் கத்தியை நீட்டிவிட்டேன். பெரியத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கட்டையில வைம்மா" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலில் ஒரு தடவை சொன்னால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. என் புருஷனுக்குச் சின்ன வயதிலிருந்து அந்தக் குரல்தான் பாடம்.

சரி, தொடருக்கு வருகிறேன். ஐந்து சீசன் ஓடிய தொடர். வெளிநாட்டில் விருதெல்லாம் வாங்கியது. கதாநாயகி ஒரு நர்ஸ். அவள் புருஷன் அரசாங்க வக்கீல், வெளியில் பெரிய மனுஷன், வீட்டுக்குள் மிருகம். ஐந்து சீசனும் அடி, உதை, ரத்தம். பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஆசாமி பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான். அவளுடைய அலறல் கேட்கும்போதெல்லாம் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவான். அவனைக் கண்டால் பெரியத்தானுக்கு ஆகவே ஆகாது. "அடிக்கிறவனையாவது விட்டுரலாம், இந்தத் தண்ணி ஊத்துற நாயை முதல்ல தோலை உரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நிஜமாகவே ஒரு தோலை உரித்துக்கொண்டிருப்பார். நான் குனிந்து பொட்டலம் கட்டுவேன். ஏன் குனிந்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடும் பெரியத்தான் வீடும் ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள், ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவரில்தான் அவர் டிவியை மாட்டியிருந்தார். டிவி தாங்கியின் திருகாணிகள் நாலும் என் அடுக்களைப் பக்கம் முனையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டன. ஒன்றில் நான் கரண்டியைத் தொங்கவிட்டிருந்தேன். அந்தப் பக்கம் சத்தம் ஏறினால் இந்தப் பக்கம் கரண்டி ஆடும். அவர் வீட்டைக் கூட்டிப் பெருக்கப் போகும்போது டிவி மூலையில் சத்தத்தின் எண்ணைப் பார்த்திருக்கிறேன். சாதாரணமாகப் பதினெட்டு வைத்துப் பார்ப்பார். நாளாக நாளாகக் கரண்டி ஆடுகிற வேகத்தை வைத்தே எத்தனை என்று சொல்லிவிடுவேன்.

என் புருஷன் முதல் அறை அறையும்போது அது முப்பதாகும். நான் கத்தினால் நாற்பது. அவன் என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதுகிற அன்றைக்கு நாற்பத்தைந்து. கரண்டி டகடகவென்று அடித்துக்கொள்ளும். ஆறு வருஷம் இப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர், உலகத்தில் உள்ள கதாநாயகன் ஒவ்வொருவனும் என்ன செய்திருக்க வேண்டும் என்று புட்டுப் புட்டு வைக்கிறவர். எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. அடித்தவன் மேல் இருந்த ஆத்திரத்தைவிட அவர் மேல் இருந்த ஆத்திரம் ஒரு கை கூடுதல்தான்.

"அப்புறம் ஏம்மா நீ போகல?" என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அந்த நர்ஸையும் இப்படித்தான் கேட்டார்கள். ஒருமுறை போனேன். பேருந்து நிலையத்தில் எல்லோர் கண்முன்னாலும் என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "இன்னொரு தடவை போனா கட்டையில வெச்சு வெட்டிருவேன்" என்றான். தினம் வெட்டுகிறவன் சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

தொடர் பார்க்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. நூற்று நாற்பது பேர். அதற்குப் பெரியத்தான்தான் நாட்டாமை. எழுத வராது, குரலாகப் பேசி அனுப்புவார். ஒவ்வொரு எபிசோடுக்கும் நாலு நிமிஷம். தையல்காரம்மா என்று ஒருத்தி, எங்கள் கடைக்கு எதிரில் தைக்கிறவள், ஒவ்வொரு எபிசோடையும் மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுதி வைப்பாள். நகரப் பேருந்து ஓட்டுகிற ஓட்டுநர் ஒருவர், எதற்கெடுத்தாலும் சண்டை போடுவார். இவர்கள் மூன்று பேரும் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன், வாயைத் திறக்காமல்.

கடைசி எபிசோட் வந்தது. நர்ஸ் அடுக்களையில் கத்தியோடு நிற்கிறாள். வாசல் கதவு திறக்கிறது. புருஷனுடைய செருப்புச் சத்தம். அவள் திரும்புகிறாள். திரை கறுப்பாகிவிடுகிறது. அவ்வளவுதான், முடிந்தது. ஐந்து வருஷம் பார்த்த ஜனங்களுக்கு எப்படி இருக்கும்? மறுநாள் காலையில் கடையில் அடிதடி நடக்காத குறை.

"குத்திட்டா! அதான் முடிவு, சந்தேகமே வேண்டாம்" என்றார் ஓட்டுநர்.

"அவ புருஷனைப் பார்த்ததும் கத்தி புடிச்ச கை தானா கீழ இறங்கியிருக்கும். நாலாவது சீசன்லயும் அப்படித்தான் இறக்கினா. எழுதி வெச்சிருக்கேன்" என்றாள் தையல்காரம்மா.

பெரியத்தான் கத்தியை உயர்த்திக் காட்டினார். "ரெண்டு பேரும் கத்தியைப் பாக்கலையா? கட்டைவிரல் மேல் பக்கம் இருந்துச்சு. அது தக்காளி நறுக்கிற பிடி. அந்தப் பிடியில மனுஷனைக் குத்த முடியாது, எலும்புல பட்டு அவ கைதான் கிழியும். அவ குத்தல, அவன்தான் அவளைக் கொன்னான். பக்கத்து வீட்டுக்காரன் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தான். அதான் முடிவு."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஆறு வருஷமாகப் பேசாத வாய். "அவ குத்திட்டா. பிடி தப்பா இருந்தா என்ன, ரெண்டாவது தடவை சரியாப் பிடிச்சிருப்பா. நல்லாக் குத்தினா. குத்தணும்" என்றேன். ஓட்டுநர் கைதட்டினார். "அப்படிச் சொல்லு தங்கச்சி!" எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் என் புருஷன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். சாணைச் சத்தம் நின்றது. அவன் என்னைப் பார்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் அடி காதில் விழுந்தது. "குத்தணுமா? யாரைக் குத்தணும்? சொல்லுடி" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு அடி. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். கையைப் பின்னால் முறுக்கினான். "விடு, விடு, கையை விடு, உடைஞ்சிரும்" என்று கத்தினேன். வாய் கிழிந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் கரண்டி மெல்ல ஆட ஆரம்பித்தது. பிறகு டகடகவென்று அடித்துக்கொண்டது. நாற்பத்தைந்து. அடி வாங்கிக்கொண்டே அதைப் பார்த்துக் காறித் துப்பினேன், சுவரில் ரத்தம் பட்டது.

அவன் ஓய்ந்து போய்ப் படுத்த பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், வேறு என்ன செய்ய? குழுவில் பெரியத்தானுடைய கடைசி விமர்சனம் வந்திருந்தது. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக் கேட்டேன்.

"...அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான் அசல் குற்றவாளி. அவனுக்குக் காது இருந்துச்சு. நடுவுல ஒரு சுவர்தான்..." என்று அவர் பேசிக்கொண்டே போகிறார். பின்னால் டிவியில் சோப்பு விளம்பரப் பாட்டு. திடீரென்று தொம் என்று ஒரு சத்தம். ஒரு பெண் குரல், "விடு, விடு, கையை விடு." பெரியத்தான் பேச்சை நிறுத்துகிறார். ஒரு மூச்சு விடுகிற நேரம். சோப்புப் பாட்டு உயர்ந்து உயர்ந்து காதை அடைக்கிறது. அதற்கு மேல் கத்திக்கொண்டு அவர் முடிக்கிறார்: "மனுஷனா இருந்தா கதவைத் தட்டியிருப்பான்!"

கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். "அண்ணே பின்னால ஓடுற சீன் எந்த எபிசோட்? செம நடிப்பு." "மூணாவது சீசன் கடைசின்னு நினைக்கிறேன்." "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த அழுகை கொஞ்சம் ஓவர்." "ஆமா, ஓவர் ஆக்டிங்."

நான் ஓவராக நடித்தேனாம். விலா எலும்பு விரிசல் விட்டுக் கிடக்கிறவள், நான் ஓவராக நடித்தேனாம்! அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் விலா வலித்தது.

மறுநாள் காலையில் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆடு ஏற்றப் போய்விட்டான். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எடைப் பக்கம் நின்றேன். பெரியத்தான் நெஞ்செலும்பை வெட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு தெருவைக் கடந்து விறுவிறுவென்று வந்தாள். கையில் நோட்டு, இன்னொரு கையில் போன்.

"அண்ணே, ராத்திரியிலிருந்து என் நோட்டைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். அறுபத்தி ரெண்டு எபிசோட்லயும் இந்த சீன் இல்ல" என்றாள்.

"எந்த சீன்?" என்றார் பெரியத்தான், கத்தியைப் பார்த்துக்கொண்டே.

அவள் போட்டுக் காட்டினாள். தொம். விடு, விடு, கையை விடு. கடை முழுக்க என் குரல் கேட்டது.

"டிவியில ஓடுறது சோப்பு விளம்பரம். சோப்பு விளம்பரத்துல யாருண்ணே இப்படி அழுவாங்க? அதுவும் அழுகை முதல்ல வருது, சத்தம் அப்புறம்தான் ஏறுது. டிவிக்குள்ள இருந்து வந்திருந்தா ரெண்டும் சேந்துதானே ஏறணும்?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி என் முக்காட்டைப் பார்த்தாள். "உதட்டுல என்னம்மா?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றேன். அந்தப் பொய் ஆறு வருஷப் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது.

பெரியத்தான் வெட்டினார். கத்தி எலும்பில் கோணலாக இறங்கிச் சில்லு தெறித்தது. நான் வந்த இத்தனை வருஷத்தில் அவர் கத்தி கோணிப் பார்த்ததில்லை. இன்னொரு வெட்டு. அதுவும் கோணல். கத்தியைக் கட்டையில் வைத்தார். ஈரத்துணியில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் பேசினார்.

"நான் விமர்சனம் பேசுறேன். நேத்து நான் அனுப்பினதுல பின்னால கேட்டது எந்த சீசனும் இல்ல. அது என் தம்பி பொண்டாட்டி. அடிக்கிறது என் தம்பி. ஆறு வருஷமா அடிக்கிறான். நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுக்கிட்டேன். அந்தத் தண்ணி ஊத்துறவனைக் கிழிகிழின்னு கிழிச்சேன்ல? அவன் நான்தான். அந்தப் பொண்ணு நடிக்கல. ஓவர்னு எழுதினவன் எவனோ, அவன் என் மூஞ்சில காறித் துப்பிட்டுப் போகட்டும்."

விரலை எடுத்தார். அனுப்பிவிட்டார். கடையில் நின்றவர்களின் பைகளில் போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன.

எனக்கு நன்றி பொங்கி வந்தது என்று நினைக்கிறீர்களா? பயம்தான் வந்தது. இவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக்குள் போகப் போகிறவள் யார்? நான்தானே சாக வேண்டும்? "என்ன பெரியத்தான் பண்ணீங்க, என்னைக் கொன்னுட்டீங்களே" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

என் புருஷன் தோளில் ஒரு முழு ஆட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஓட்டுநரும் வந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர், நடந்தது ஒன்றும் தெரியாது. வந்ததும் வராததுமாக, "என்னண்ணே புதுசா அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனை அமுக்கிவிட்டார். பெரியத்தான் குரல் கணீரென்று வந்தது. அது என் தம்பி பொண்டாட்டி. அடிக்கிறது என் தம்பி.

ஆடு அவன் தோளிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

ஓட்டுநர் போனை நிறுத்தத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார், குரல் கடைசி வரை ஓடி முடிந்தது. என் புருஷன் அண்ணனைப் பார்க்கவில்லை, தையல்காரம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். கட்டை ஓரத்தில் இருந்த எலும்பு பிரிக்கிற கத்தியை எடுத்தான். ஒல்லியான கத்தி, முந்தின நாள் அவனே தீட்டியது. கட்டைவிரல் பக்கவாட்டில் இருந்தது. அது தக்காளி நறுக்கிற பிடி இல்லை.

"கத்தியைக் கட்டையில வை" என்றார் பெரியத்தான்.

அதே குரல். சத்தம் போடவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் கை தானாகத் தாழ்ந்தது. கத்தி முனை கட்டைக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் போய்விட்டது. பிறகுதான் அவனுக்குச் சுரணை வந்தது. பல்லைக் காட்டினான். "நீ பேசாதண்ணே. நீ போய் டிவி பாரு" என்றான்.

என் மேல் பாய்ந்தான். முதல் வீச்சில் எடைத்தட்டு பறந்தது. நான் பின்னால் சாய்ந்தேன், முதுகு கொக்கி வரிசையில் இடித்தது. இரண்டாவது வீச்சு என் வயிற்றுக்கு வந்தது. நடுவில் ஒரு கை வந்தது. பெரியத்தான் கத்தியைப் பிடித்துக்கொண்டார், பிடியை இல்லை, அலகை. வலது கையால், வெறுங்கையால். ஆயுசுக்கும் கையிலிருந்து கைக்குக் கத்தி வாங்காத மனிதர் அன்றைக்கு வாங்கினார். அவன் இழுத்தான். அலகு உள்ளங்கைக்குள் போய் எலும்பைத் தேடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கேட்கிற சத்தம். அவர் விடவில்லை. "போம்மா, வெளிய போ" என்றார். ரத்தம் அவர் முழங்கை வழியாக ஒழுகித் தரையில் கிடந்த ஆட்டின் மேல் கொட்டியது.

நான் வெளியே போகவில்லை. ஆடு தொங்கவிடுகிற கொக்கிக் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. என் உயரத்துக்கு இருக்கும், இரும்பு. இரண்டு கையாலும் எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டேன். உடைந்தது. கத்தி விழுந்தது. அவன் "ஐயோ" என்றான். ஆறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை தோளில் போட்டேன். மூன்றாவது தடவை முழங்காலில். நாலாவதுக்குக் கம்பை ஓங்கும்போது தையல்காரம்மா பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "போதும்மா, போதும், நீ ஜெயிலுக்குப் போகாத" என்று என் காதில் அழுதாள். ஓட்டுநர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் கனத்துக்கு அவனால் மூச்சுவிடுவதே பெரிய வேலையாகிவிட்டது.

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் பெரியத்தானுக்கு நாலு மணி நேரம் தையல் போட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். என் விலாவில் இரண்டு எலும்பு உடைந்திருந்தது. மறுநாள் வாக்குமூலம் வாங்க வந்தவரிடம் பெரியத்தான் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் என்ன தொடர் ஓடியது, எந்த எபிசோடில் நான் கத்தினேன் என்று சொன்னார். எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார், பாவி. எனக்கே மறந்துபோன அடியெல்லாம் அவரிடம் இருந்தது.

"சத்தத்தை ஏன் ஏத்துனீங்க?" என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர்.

"சின்ன வயசுல அப்பா அம்மாவை அடிப்பார். அம்மாதான் சொல்லுவாங்க, ரேடியோவைப் போட்டு சத்தமா வைடா, தம்பி காதுல விழ வேண்டாம்னு. ஏத்தி வெப்பேன். தம்பி என் மடியில தூங்குவான்" என்றார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு என் மனசு உருகியிருக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். உருகத்தான் செய்தது, அந்தச் சின்னப் பிள்ளைக்காக. ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்காக உருகவில்லை.

அவன் ஜெயிலில் இருக்கிறான். கடையை இப்போது நான் நடத்துகிறேன். கட்டைக்குப் பின்னால் நான் நிற்கிறேன், கத்தி என் கையில். பெரியத்தான் இடது கையால் பொட்டலம் கட்டுகிறார், நூல் அவிழ்ந்து அவிழ்ந்து போகும். குழுவில் இன்னமும் சண்டை நடக்கிறது. தொடரின் முடிவை விட்டுவிட்டார்கள், இப்போது அவர்தான் அவர்களுக்குத் தொடர். "கடைசியில அண்ணன் மனுஷன்னு காட்டிட்டார்" என்று எழுதுகிறார் ஓட்டுநர். "ஆறு வருஷம் லேட்டு. ரெண்டு விரல் போனா கணக்கு சரியாயிருமா?" என்று எழுதுகிறாள் தையல்காரம்மா. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். அவர் எதற்கும் பதில் போடுவதில்லை. விமர்சனம் சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டார். என்னிடம் கேட்கிறார்கள், நீ என்ன சொல்றே என்று. கறி எவ்வளவு வேண்டும், அதைச் சொல்லு என்பேன்.

போன வாரம் ஒருநாள் ராத்திரி அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். மணி எட்டாகிவிட்டது. சுவரில் கரண்டி அசையவே இல்லை. தினமும் லேசாகவாவது ஆட வேண்டுமே என்று அப்போதுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அது ஒரு தடவைகூட ஆடவில்லை. மனுஷன் விழுந்துகிழுந்து கிடக்கிறாரோ என்று பதறிப்போய் அந்தப் பக்கம் ஓடினேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தொடர், எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற தொடர். ஆட்கள் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் எண் பூஜ்யம்.

"சத்தம் வைக்கலையா பெரியத்தான்?"

"வேண்டாம்மா. அந்தப் பக்கம் ஏதாவது கேட்டா எனக்குக் கேக்கணும்ல."

"அந்தப் பக்கம் இப்ப நான் மட்டும்தானே இருக்கேன்."

"தெரியும்" என்றார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. தையல் போட்ட கை மடியில் மல்லாந்து கிடந்தது, இரண்டு விரல் விறைப்பாக நீட்டிக்கொண்டு. அதற்குப் பக்கத்தில் ரிமோட்.

நான் ரிமோட்டை எடுத்தேன். பதினெட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் எடுத்தேன், சத்தியமாக. பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். சுவரைப் பார்த்தேன். டிவிக்குக் கீழே அந்தத் திருகாணிகளின் தலைகள் தெரிந்தன, முனைகள் என் அடுக்களைப் பக்கம். என்னால் அமுக்க முடியவில்லை. ரிமோட்டைத் திரும்ப அவர் மடியிலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன்.